ஒரு நாளைக்கு ஆறு வெள்ளைக்கரு

செப்டம்பர் 4

அக்காவுக்கு,

மூன்று வருஷம் கழித்து எழுதுகிறேன். போன் செய்திருக்கலாம். ஆனால் முதல் நிமிஷத்திலேயே நீ வைத்துவிடுவாய், இல்லையென்றால் நான் வைத்துவிடுவேன். எழுதினால் கோபத்தில் வருவதை அடித்துவிட்டு வேறு எழுதலாம். இந்தக் கடிதத்துக்கு இது மூன்றாவது தாள்.

அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். ஆகஸ்ட் இருபத்து மூன்றாம் தேதி காய்ச்சலும் மூச்சிரைப்புமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். நிமோனியா என்றார்கள். பத்து நாள் ஊசியில் மருந்து ஏற்றினார்கள். நெஞ்சு நன்றாகவே தெளிந்தது. கட்டிலைத் தள்ளுகிறவரிடம், "திரும்புறதுக்கு முன்னாடி பின்னால பாருய்யா, சுவத்துல இடிக்கப்போற" என்று அதட்டுகிற அளவுக்குத் தேறிவிட்டார். முப்பது வருஷம் ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் அல்லவா, படுத்த படுக்கையிலும் பக்கத்து சீட்டில் இருப்பதாகவே நினைப்பு. வார்டில் எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்'தான்.

நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்று வயிறு கெட்டது. ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு தடவை தண்ணீராகப் போகிறது. கால் இரண்டும் வீங்கிவிட்டன. விரலால் அழுத்தினால் விழுந்த குழி அப்படியே நிற்கிறது. டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து, "புரதம் ரொம்பக் கம்மியா இருக்கே" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். சீட்டில் அல்புமின் 2.1 என்று அச்சாகியிருக்கிறது. பக்கத்தில் கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி. நான் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். எனக்குக் கீழ்நோக்கிய அம்பு என்றால் லிஃப்ட் இறங்குகிறது, அவ்வளவுதான். நீ பரிசோதனைக்கூடத்தில் பதினெட்டு வருஷமாக இந்த எண்களோடு குடித்தனம் நடத்துகிறவள். இதற்கு என்ன அர்த்தம் என்று எழுது.

உனக்கு எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது.

தம்பி


செப்டம்பர் 8

தம்பி,

ஆகஸ்ட் இருபத்து மூன்றில் சேர்த்துவிட்டு, செப்டம்பர் நான்கில் எழுதுகிறாய். சரி. அதைப் பிறகு பேசலாம். முதலில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

வயிற்றுப்போக்கை 'சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை' என்று யாராவது சொன்னால் விட்டுவிடாதே. நிமோனியாவுக்குக் கொடுத்த மருந்து, குடலில் இருக்கிற நல்ல கிருமிகளையும் சேர்த்து அழித்துவிடும். காலியான அந்த இடத்தில் ஒரு கெட்ட கிருமி வந்து குடியேறும். ஆஸ்பத்திரியில் அதை 'சி டிஃப்' என்பார்கள். மலத்தைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல். இன்றைக்கே சொல். அவரைத் தொட்ட பிறகு கையில் தடவிக்கொள்ளும் மருந்துத் திரவம் இந்தக் கிருமிக்குப் போதாது. சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கழுவு.

அல்புமின் ரத்தத்தில் உள்ள முக்கியமான புரதம். மூன்றரைக்குக் கீழே போகக் கூடாது. ரத்தக் குழாய்க்குள் நீரைப் பிடித்து வைப்பது அதுதான். அது குறைந்தால் நீர் கசிந்து காலில் இறங்கும். நீ பார்த்த குழி அதனால் வந்தது.

2.1 என்பது ஒரே நாளில் வருகிற எண் இல்லை. அம்மா போன பிறகு அப்பாவை என்னோடு அனுப்பு என்று எத்தனை தடவை கேட்டேன். "என் வீட்ல அவருக்கு என்ன குறை?" என்று வாசலில் நின்று கத்தினாய். என்ன குறை என்று இப்போது அவர் ரத்தமே எழுதிக் கொடுத்திருக்கிறது. நீ காலையில் போய் ராத்திரி வருகிறவன். உனக்கே ஒரு வேளை ஒழுங்காகச் சமைத்துக்கொள்ளத் தெரியாது. நீ வேண்டுமென்று செய்தாய் என்று சொல்லவில்லை. ஆனால் செய்திருக்கிறாய். அவரைப் பட்டினி போட்டிருக்கிறாய். எண் பொய் சொல்லாது.

அக்கா


செப்டம்பர் 12

அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். இரண்டு மாடிக்கு நடுவில் யாரும் வராத படி ஒன்று இருக்கிறது. அதில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நீ சொன்னதுதான் சரியாக இருந்தது. மலத்தைப் பரிசோதித்தார்கள். அதே கிருமிதான். பழைய மருந்து எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, வாயில் கொடுக்கிற வேறு மருந்து தொடங்கியிருக்கிறார்கள். அப்பாவை நான்காவது மாடியில் தனி அறைக்கு மாற்றிவிட்டார்கள். உள்ளே போகிறவர்கள் மேலங்கியும் கையுறையும் போட்டுக்கொள்ள வேண்டும். நான் உள்ளே போனதும், "யாரு? ஆபரேஷனுக்கு வந்திருக்கியா?" என்றார்.

அந்த அறைக்குப் போகும்போது நடந்ததை உன்னிடம்தான் சொல்ல முடியும். அவரைக் கட்டிலோடு லிஃப்டில் ஏற்றினோம். நானும், அவரைப் பார்த்துக்கொள்கிற வார்டு சிஸ்டரும் கூட இருந்தோம். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. சிஸ்டர் பயந்துபோனார். அப்பா, "பயப்படாதீங்க சிஸ்டர், மெக்கானிக் கூடவேதான் இருக்கான்" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். ஆனால் உள்ளே நின்றுகொண்டு மெக்கானிக்கால் என்ன செய்ய முடியும்? கதவிடுக்கில் வாயை வைத்து, மேலே மோட்டார் அறையில் எதைத் திருப்ப வேண்டும் என்று கத்திக்கொண்டிருந்தேன். இருபத்தைந்து நிமிஷம். அதற்குள் அவருக்கு இரண்டு தடவை போய்விட்டது. அவ்வளவு சின்ன இடம். எல்லாம் போர்வைக்குள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "இறங்கினதும் நீ போயிடு, அவங்க பாத்துக்குவாங்க" என்றார். நான் போகவில்லை. நானும் சிஸ்டரும் சேர்ந்துதான் துடைத்தோம். துடைத்து முடிக்கிற வரை அவர் கண்ணைத் திறக்கவே இல்லை.

இனி நீ எழுதியதற்கு வருகிறேன். நான் அவரைப் பட்டினி போட்டதாக எனக்குத் தெரியவில்லை. காலையில் பாலும் ரொட்டியும். மத்தியானத்துக்குச் சோறும் பருப்பும் காயும் டப்பாவில் போட்டு வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். டப்பா காலியாகத்தான் இருக்கும். அவர்தான் சாப்பிட்டாரா என்று இதுவரை நான் சந்தேகப்பட்டதில்லை. உன் கடிதத்தைப் படித்த பிறகு அதையும் சந்தேகப்படுகிறேன். நீ படித்தவள். எண் பொய் சொல்லாது என்கிறாய். எங்கள் வேலையிலும் மீட்டர் காட்டுவதைத்தான் நம்புவோம், வீட்டுக்காரர் சொல்வதை நம்பமாட்டோம். அப்படியென்றால் எங்கேயோ நான்தான் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

முட்டையின் வெள்ளைக்கருவில் இருப்பதும் கிட்டத்தட்ட அதே புரதம்தானாம், சிஸ்டர் சொன்னார். தேய்ந்த பாகத்துக்கு அதே பாகம். ஒரு நாளைக்கு ஆறு கொடுக்கிறேன். காலையில் மூன்று, சாயங்காலம் மூன்று. நானே அவித்துக் கொண்டுபோகிறேன். மூன்று வருஷத்தில் விட்டதைப் பிடித்துவிடலாம் இல்லையா?

தம்பி


செப்டம்பர் 16

தம்பி,

லிஃப்டில் நடந்ததைப் படித்துவிட்டு அன்றைக்கு வேலையில் ஒரே ரத்த மாதிரியை இரண்டு தடவை மெஷினில் ஓட்டினேன். பக்கத்தில் இருப்பவள், "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். தலைவலி என்றேன். அப்பா ஆஸ்பத்திரியில் என்று சொன்னால், "போகலையா?" என்று கேட்பாள்.

புது மருந்தைப் பத்து நாளும் முழுசாகக் கொடுக்க வேண்டும். வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள். தண்ணீர் நிறையக் கொடு. அறையில் நீ எதையும் சாப்பிடாதே. உன் சட்டையைத் தனியாகத் துவை.

முட்டை கொடு. நல்லதுதான்.

நான் வரட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீயும் இரண்டு கடிதத்தில் ஒரு இடத்திலும் வா என்று எழுதவில்லை. அப்பா என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா? கேட்கவில்லை என்றால் அதையும் மறைக்காமல் எழுது.

அக்கா


அக்டோபர் 3

அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நல்ல சேதியாக எழுதலாம் என்று காத்திருந்தேன். அதற்குள் கெட்டுவிட்டது.

மருந்து வேலை செய்தது. இருபதாம் தேதி வீட்டுக்கு அழைத்து வந்தேன். பன்னிரண்டு நாள் இருந்தார். நன்றாக இருந்தார் என்று சொல்ல முடியாது, ஆனால் வீட்டில் இருந்தார். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் மார்க் போடுவார். "சிக்னல் போடாம திரும்புறான் பாரு, எவன்கிட்ட கத்துக்கிட்டானோ" என்பார். ஒருநாள் அவரிடம் கற்றுக்கொண்ட அம்மா ஒருவர் காரை நிறுத்தி, கீழே நின்று கும்பிட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு மட்டும் ஒரு டம்ளர் பாலைத் தானே கேட்டு வாங்கிக் குடித்தார்.

மற்றபடி சாப்பாடு என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நான் விடவில்லை. முட்டையை மசித்துப் பார்த்தேன், சூப்பில் கரைத்துப் பார்த்தேன். ஒரு வெள்ளைக்கருவை விழுங்க அரை மணி நேரம் ஆகிறது. முந்தாநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு ஒண்ணு போதும்டா" என்றார். நான், "ஆறு சாப்பிட்டாத்தான் நம்பர் ஏறும்" என்றேன். குரலை உயர்த்திவிட்டேன், அக்கா. அவர் வாயைத் திறந்தார். ஆறும் சாப்பிட்டார். சின்னப் பிள்ளை மருந்து குடிப்பதுபோல் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சாப்பிட்டார்.

மறுநாளே வயிறு மறுபடி போக ஆரம்பித்துவிட்டது. அதே கிருமி. திரும்ப வந்துவிட்டது என்கிறார்கள். அதே நான்காவது மாடியில் சேர்த்திருக்கிறேன். அல்புமின் பார்த்தார்கள். 1.7. கிட்டத்தட்ட மூன்று வாரம் முட்டை கொடுத்தும் இறங்கியிருக்கிறது. எனக்குக் கணக்கு புரியவில்லை. எட்டு கொடுக்கட்டுமா?

உன்னைப் பற்றிக் கேட்டாரா என்று கேட்டிருந்தாய். வீட்டுக்கு வந்த அன்று, உனக்கு எழுதுகிறேன் என்று நானே சொல்லிவிட்டேன். ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தார். அப்புறம், "உங்கக்கா வண்டி ஓட்டினா முன்னாடி பாக்கவே மாட்டா. கண்ணாடில பின்னாடி வர்றதையே பாத்துட்டு இருப்பா. ஆனா ஒரு தடவைகூட எங்கேயும் இடிச்சதில்ல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னார்.

வா என்று நான் எழுதவில்லை என்கிறாய். சொந்த வீட்டுக்கு வரப் பத்திரிகை வைக்க வேண்டுமா? சரி, எழுதுகிறேன். வா, அக்கா. உடனே கிளம்பு.

தம்பி


அக்டோபர் 20

தம்பி,

என் ஊருக்குத் திரும்பி வந்து சேர்ந்துவிட்டேன். ஒன்றரை நாள் ரயிலில் உன்னிடம் மனசுக்குள் பேசிக்கொண்டே வந்தேன். உன்னோடு ஒரே வீட்டில் ஒரு வாரம் இருந்தும் பேசாததை இப்போது எழுதுகிறேன்.

'வா' என்று நீ எழுதிய கடிதம் ஏழாம் தேதி வந்தது. அன்றைக்கே கிளம்பியிருக்கலாம். லீவு எழுதிக் கொடுத்து, வேலையை இன்னொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு, பத்தாம் தேதி ரயிலுக்குச் சீட்டு எடுத்தேன். ஒன்பதாம் தேதி காலையில் நீ போன் செய்தாய். "அக்கா" என்று மட்டும் சொன்னாய். மிச்சத்தை நீ சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை.

நான் அங்கே வந்தபோது வீடு நிறைய ஆட்கள். அவரிடம் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் எத்தனை பேர்! நீ எல்லோருக்கும் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தாய். நாம் இருவரும் எதிரெதிரே வரும்போதெல்லாம் ஏதோ ஒரு வேலை வந்து குறுக்கே நின்றது. வேலை வரவில்லை, நான்தான் தேடிப் பிடித்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் அவருடைய துணிகளை எடுத்து மடித்தேன். பெல்ட் கையில் வந்தது. கம்பெனி போட்ட கடைசித் துளையைத் தாண்டி, நீ ஆணியால் புதிதாக ஒரு துளை போட்டிருக்கிறாய். நுனிப் பக்கமாக, இடுப்பைத் தளர்த்துவதற்கு. அதன் விளிம்பும் தேய்ந்திருந்தது. அதாவது உன் வீட்டில் அவர் உடம்பு ஏறியிருக்கிறது. அந்தப் பெல்ட்டை மடியில் வைத்துக்கொண்டு, நீ கூப்பிட்டதுகூடக் கேட்காமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் தம்பி, பெல்ட்டைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது என்று எழுதினால் அதுவும் பொய். எனக்கு முதல் நாளே தெரியும்.

அல்புமின் சாப்பாடு குறைந்தால் மட்டும் குறைவதில்லை. உடம்பில் பெரிய தொற்று வந்தால் ஈரல் அதைச் செய்வதை ஒதுக்கிவிட்டு வேறு புரதங்களைச் செய்யப் போய்விடும். இருப்பதும் ரத்தக் குழாயிலிருந்து கசியும். வயிற்றுப்போக்கிலும் வெளியேறும். பத்து நாள் நிமோனியாவில் கிடந்த எழுபத்து நான்கு வயசுக்காரருக்கு, ராஜா வீட்டுச் சாப்பாடே சாப்பிட்டிருந்தாலும் 2.1 வரலாம். எங்கள் கூடத்தில் தினமும் பார்க்கிறேன். அந்த எண் குறைந்தவர்களைத்தான் இந்தக் குடல் தொற்று எளிதில் பிடிக்கிறது, அவர்களுக்குத்தான் திரும்பவும் வருகிறது. எண் சொன்னது, அவர் எவ்வளவு நோயாளியாக இருக்கிறார் என்பதை. நீ எப்படிப் பார்த்துக்கொண்டாய் என்பதை அது சொல்லவே இல்லை.

'எண் பொய் சொல்லாது' என்று எழுதினேன். எண் சொல்லவில்லை, நான் சொன்னேன். மூன்று வருஷக் கோபத்துக்கு எறிய ஒரு கல் தேவைப்பட்டது, நீயே உன் கையால் எழுதி அனுப்பியிருந்தாய். அடுத்த கடிதத்திலாவது திருத்தியிருக்கலாம். நீ ஆறு முட்டை என்று எழுதியபோது, மூன்று வாரத்தில் முட்டையால் அந்த எண் ஏறாது என்று தெரிந்தே, 'கொடு, நல்லதுதான்' என்று எழுதினேன். எட்டுக் கொடுக்கட்டுமா என்று நீ கேட்ட கடிதத்தை ரயிலில் நான்கு தடவை படித்தேன்.

முட்டை அவரைக் கொல்லவில்லை. அது உறுதி, அதை மட்டும் நம்பு. நீ ஒரு குறையும் வைக்கவில்லை. குறை என்னுடையது.

இதற்கு நீ பதில் எழுதாவிட்டாலும் நான் கேட்கமாட்டேன்.

அக்கா


நவம்பர் 4

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. முதல் தடவை படித்ததும் நிம்மதியாக இருந்தது. இரண்டாவது தடவை படித்ததும் உனக்கு இரண்டு பக்கம் எழுதினேன். அதை நீ படிக்க வேண்டாம் என்று கிழித்துப் போட்டுவிட்டேன். மூன்றாவது தடவை படிக்கவில்லை.

கடைசி வாரத்தில் அவர் எதுவும் பேசவில்லை. நான் கரண்டியை நீட்டுவேன், அவர் வாயைத் திறப்பார். எங்களுக்குள் அது ஒன்றுதான் மிச்சமிருந்தது. அப்பாவிடம் பேசியிருக்க வேண்டிய நேரத்தில் முட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

போன வியாழக்கிழமை இறப்புச் சான்றிதழ் வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த வார்டு சிஸ்டரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று மேலே ஏறினேன். டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "மாஸ்டர் உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டார். இனிமே சொன்னா என்ன?" என்று ஆரம்பித்தார்.

"நீங்க வேலைக்குக் கிளம்பிப் போனதும் தினமும் என்னைக் கூப்பிடுவார். பாத்திரத்தை நீட்டச் சொல்வார். சாப்பிட்டதுல பாதி வெளிய வந்துடும். 'ஏன் சார் கஷ்டப்படுறீங்க, வேணாம்னு பையன்கிட்ட சொல்லிடுங்க, இல்ல நான் சொல்றேன்'னு சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டார். 'சொல்லிடாதீங்க சிஸ்டர். அவங்கக்கா ஏதோ எழுதிட்டா. அவன் கழட்டிப் போட்ட சட்டைப் பையில இருந்துச்சு, எடுத்துப் படிச்சிட்டேன். அதுல இருந்து புள்ள மூஞ்சியே சரியில்ல. நான் தின்னா அவனுக்கு ஒரு நிம்மதி. அவ மேலயும் தப்பில்ல, அங்க தனியா கெடந்து தவிக்கிறா. நான் நல்லா சாப்பிடுறேன்னு அவன் எழுதினா, அவளுக்கும் கோபம் ஆறிடும்'னார்."

ஆக, உன் கடிதத்தை அவர் படித்திருக்கிறார், அக்கா. பட்டினி என்கிற அந்த வார்த்தையையும். படித்துவிட்டுத்தான் தினமும் வாயைத் திறந்திருக்கிறார். நம் இருவருக்காகவும்.

இதை உனக்கு எழுத வேண்டாம் என்று நான்கு நாள் பிடித்து வைத்துப் பார்த்தேன். உன்னைத் தண்டிக்க எழுதுகிறேனா, தனியாகத் தூக்க முடியாமல் எழுதுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும் இருக்கலாம். மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும், இன்னும் அந்த இடத்துக்கு நான் வந்து சேரவில்லை. ஆனால் அவர் செய்த இந்தக் காரியத்தின் கனம் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான் இருக்க முடியும்.

ஒரு முனையை நீ பிடி. இந்த முனையை நான் பிடித்திருக்கிறேன்.

தம்பி